எத்தனை நாள், டாக்டர்?

சென்ற வாரம் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தோம். அமெரிக்காவில் அதற்குள் நுழையவே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். நோய் தன் போக்கில் போனால் இவர் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால்தான், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் செலவை ஏற்கும்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில், 98 வயதில், ஆஸ்பத்திரி போதும் என்று ப்ளெய்ன்ஸ் ஊரில் உள்ள வீட்டிலேயே ஹாஸ்பிஸ் பராமரிப்புக்கு மாறினார். மனைவி ரோஸலின் அவருக்கு முன்னால் போய்விட்டார். கார்ட்டரோ நூறு வயதைத் தொட்டு, தபாலில் ஓட்டும் போட்டுவிட்டு, 2024 டிசம்பர் 29-ல்தான் காலமானார். இப்படி நீண்டுபோனால் பாதகமில்லை. டாக்டர் மறுபடி சான்று தந்தால், முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு அறுபது அறுபது நாளாக நீட்டித்துக்கொண்டே போகலாம்.

ஆனால் கார்ட்டர் விதிவிலக்கு. கணக்கு பெரும்பாலும் தப்புவது மறுபக்கம்தான். நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், எலிசபெத் லாமண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சிகாகோ ஹாஸ்பிஸ்களில் சேர்ந்த 468 நோயாளிகளைப் பற்றி 343 டாக்டர்களிடம் கேட்டு, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு கணிப்புதான் ஏறக்குறைய சரி. 63 சதவீதம் கூடுதலாகச் சொன்னவை. மொத்தத்தில் ஐந்து மடங்குக்கும் மேல் மிகை. பாதி நோயாளிகள் 24 நாளைத் தாண்டவில்லை. இவை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலுக்குச் சொன்ன கணக்குகள் அல்ல, ஆராய்ச்சியாளரிடம் சொன்னவை! நோயாளியோடு அதிக நாள் பழகிய டாக்டரே அதிகம் தவறினார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பாசம் கணக்கைக் கெடுக்கும் என்பது டாக்டருக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

அதனால்தான் நர்ஸ்கள் நோயின் பெயரை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறார்கள். கனடாவின் விக்டோரியா ஹாஸ்பிஸ் 1996-ல் தந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. நடமாட்டம், வேலை, தன் காரியத்தைத் தானே செய்துகொள்வது, சாப்பாடு, சுயநினைவு ஆகியவற்றை வைத்து நூறிலிருந்து பத்துப் பத்தாக இறங்கும். முப்பது என்றால் படுத்த படுக்கை, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இருபதில் ஒரு மடக்கு, இரண்டு மடக்குதான் இறங்கும். பத்தில் அதுவும் இல்லை; வாய் காயாமல் ஈரப்படுத்துவதோடு சரி. எடை பார்க்க நிறுத்த முடியாத பாட்டிக்கு மேல்கையில் டேப்பைச் சுற்றி அளக்கிறார்கள். சுற்றளவு போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால் உடம்பு கரைகிறது என்று பொருள்.

புற்றுநோயில் இந்த இறக்கம் கடைசி வாரங்களில் பளிச்சென்று தெரியும். இதய நோயும் மறதி நோயும் அப்படியல்ல. இன்றைக்குத் தாங்காது என்று பிள்ளைகள் கூடியிருப்பார்கள், மறுநாள் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்பார். தேறினாலும் பழைய இடத்துக்கு வரமாட்டார், ஒரு படி கீழேதான் நிற்பார்.

அனுபவமுள்ள நர்ஸ்கள் தேதி சொல்வதில்லை. மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிகிறதா, வாரத்துக்கு வாரமா, நாளுக்கு நாளா என்று வீட்டாரையே கேட்கிறார்கள். நாளுக்கு நாள் என்றால், வெளியூரில் இருக்கும் மகனுக்கு உடனே டிக்கெட் போடச் சொல்கிறார்கள்.

(தொடரும்)