ராத்திரி மாத்திரை எத்தனை நாளைக்கு?

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனை. கைமீறினால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கே படுத்தாலும் வார்டில் தூக்கம் வருவது கஷ்டம். அணையாத விளக்கு, பக்கத்துக் கட்டிலின் முனகல், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் வீட்டார் கேட்கிறார்கள்: "ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லீங்க, ஒரு தூக்க மாத்திரை குடுங்க."

இதற்குத் தரப்படும் மருந்துகளில் பென்சோடயசெபைன் வகை முக்கியமானது. லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கிய லிப்ரியம் 1960-ல் சந்தைக்கு வந்தது, 1963-ல் டயசெபாம். நரம்பணுவின் சவ்வில் ஒரு மதகு உண்டு. மூளையின் காபா என்னும் வேதிப்பொருள் அதைத் திறந்தால் குளோரைடு அயனிகள் உள்ளே பாய்ந்து நரம்பணு அடங்கும். அந்த மதகை அடிக்கடி திறக்க வைப்பதுதான் மாத்திரையின் வேலை. வலிப்பிலும், குடியைத் திடீரென நிறுத்தியவரின் நடுக்கத்திலும் இவ்வகை மருந்து உயிரைக் காக்கிறது.

முதியவர்கள் விஷயம் வேறு. டயசெபாம் அவர்கள் உடலில் பல நாள் தங்கும். நடுராத்திரி கழிப்பறைக்கு எழுந்தவர் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். சிலர் புத்தி குழம்பி, பெற்ற மகனையே யாரென்று கேட்பார்கள். வீட்டாரோ நோய் முற்றிவிட்டதென்று பதறுவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இவ்வகை மருந்துகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் சொல்கிறது.

மாத்திரை இல்லாமலும் வழி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ஷாரன் இனோய் குழு, 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை 1999-ல் வெளியிட்டது. இரவில் வெதுவெதுப்பான பானம், முதுகைத் தடவிவிடுதல், சத்தத்தைக் குறைத்தல். பகலில் நடக்க வைத்தல், மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுதல். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த மனக்குழப்பம், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்கே வந்தது. நம் வார்டுகளில் மகளோ மருமகளோ கட்டிலருகிலேயே இருக்கிறார்கள். இதில் பாதியை அவர்களே செய்துவிடலாம்.

என் பெரிய கவலை டிஸ்சார்ஜ் சீட்டைப் பற்றியது. நாலு நாளைக்கென்று தொடங்கிய மாத்திரை அதில் ஏறி, சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து வீட்டில் நிலைத்துவிடுகிறது. சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும். அதன்பின் சட்டென்று நிறுத்தினால் பதற்றம் வரும், வலிப்பும் வரலாம். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டயசெபாம், அல்பிரசோலாம், சோல்பிடெம் மூன்றும் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் இருப்பதால், விற்கும் கடை தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் எப்போது நிறுத்துவது என்று அந்தப் பதிவேடு சொல்லாது. "இந்த ராத்திரி மாத்திரை எத்தனை நாளைக்குங்க டாக்டர்?" என்று கிளம்பும்போதே கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.