வாயில்லாப் பிராணிக்கு ஓர் உயில்

திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் முதியோர் தனித்து வாழும் இல்லங்கள் பல உள. பிள்ளைகள் வெளியூரிலோ கடல் கடந்த நாடுகளிலோ பணிபுரிய, பெற்றோருக்கு வீட்டில் எஞ்சிய துணை ஒரு நாயோ பூனையோ ஆக இருத்தல் அரிதன்று. அத்தகையோர் தம் ஆயரை நோக்கி, "எனக்குப் பின் இதனை யார் பார்ப்பார்?" என்று வினவுவராயின், அவ்வினாவை நகைத்து ஒதுக்குதல் தகாது. அதற்குச் சட்டம் எவ்வழியை வைத்துள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டுகள் காட்டும் முறை

ஒரு பொருளை ஒருவரிடம் ஒப்புவித்து, அதன் பயனை வேறொரு நோக்கத்திற்கு உரியதாக்கும் முறை தமிழகத்திற்குப் புதிதன்று. கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்கென ஆடுகள் வழங்கப்பட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். இறப்பவற்றைப் பிறப்பவற்றால் ஈடுசெய்து மந்தையின் தொகை குறையாது காத்தமையால், அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. கொடையை விவரித்த பின், வைணவக் கோயிற் கல்வெட்டு 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்றும், சைவக் கோயிற் கல்வெட்டு 'பன்மாகேசுவர ரக்ஷை' என்றும் முடிவது வழக்கம். கொடுத்தவர் மறைந்த பின்பு கொடையைக் கண்காணிக்க வேண்டியவர் யார் என்பதை இச்சொற்கள் சுட்டுகின்றன.

இங்கு மூன்று கூறுகளைக் காண்கிறோம்: ஒதுக்கிய பொருள், அதனை ஏற்று நடத்துபவர், அவரைக் கண்காணிப்பவர். ஆயினும் அவ்வேற்பாட்டில் ஆடு முதலாக வைக்கப்பட்ட பொருளேயன்றிப் பயன்பெறும் உயிர் அன்று.

கோயில் யானையின் நிலை வேறு. திருவரங்கம் கோயிலின் ஆண்டாளையும், திருவானைக்காவின் அகிலாவையும் இவ்வூரார் நன்கறிவர். பாகன் மாறினும் அலுவலர் மாறினும் கோயில் என்னும் நிறுவனம் நிலைத்திருப்பதால் யானைக்குரிய கவளம் நின்றுவிடுவதில்லை. அதன் பராமரிப்பிற்கென 2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனி விதிகளையும் வகுத்தது. வீட்டு நாய்க்கோ அத்தகைய நிறுவனம் இல்லை. அதன் வாழ்வு ஒரே மனிதரின் ஆயுளைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

சட்டம் கூறுவது என்ன?

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, சொத்தை உடையவராயிருக்கத் தகுதியுள்ள 'நபர்' மட்டுமே பயனாளியாக இருத்தல் கூடும். நாய் நபர் அன்று. சட்டத்தின் கண்களில் அதுவே ஓர் அசையும் சொத்து. எனவே, "என் வீட்டை என் நாய்க்கு எழுதி வைக்கிறேன்" என்னும் உயில் வாசகம் பயனற்றது. விலங்குகளுக்கு நேரடியான அடிப்படை உரிமை உண்டு என்னும் வாதத்தை, 2023 மே 18 அன்று சல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் ஏற்கவில்லை.

ஆனால், உரிமை இல்லாத இடத்திலும் மனிதருக்குக் கடமை உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேண வேண்டும் என்கிறது. தக்க காரணமின்றி அதனைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு கைவிடுதல் அச்சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே, வீட்டைப் பெற்ற வாரிசு நாயைத் தெருவில் விட்டுவிட இயலாது.

விலங்குகளின் பொதுநலனுக்காக நிறுவப்படும் டிரஸ்டை அறக்கட்டளையாகச் சட்டம் ஏற்கிறது. அது எக்காலமும் நிலைத்திருக்கலாம். தன் சொந்த நாய்க்கென்று மட்டும் செய்யும் ஏற்பாடு அறக்கட்டளை ஆகாது. இங்கிலாந்தில், தம் குதிரைகளையும் வேட்டை நாய்களையும் பேண ஆண்டுக்கு 750 பவுன் வீதம் 50 ஆண்டுகளுக்கு ஒருவர் ஒதுக்கியதை 1889ஆம் ஆண்டில் நீதிமன்றம் செல்லும் எனத் தீர்த்தது. ஆயினும் பொறுப்பாளர் தவறினால் குதிரை வழக்குத் தொடுக்க முடியாதே என்னும் இடர்ப்பாடு அன்றே உணரப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் பின்னர்த் தனிச் சட்டம் இயற்றி, கண்காணிப்பவரை நியமிக்க வழி செய்தன. அங்கும் அளவு மீறலாகாது: லியோனா ஹெம்ஸ்லி என்னும் செல்வப் பெண்மணி தம் நாய்க்கு ஒதுக்கிய 120 லட்சம் டாலரை, 2008ஆம் ஆண்டில் நீதிமன்றம் 20 லட்சமாகக் குறைத்தது.

செய்யத்தக்க வழி

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டப்பிரிவு இல்லை. ஆயினும் வழி அடைபடவில்லை. நாயைப் பயனாளியாக்காமல், அதனைப் பேணுபவரைப் பயனாளியாக்குக. ஒரு தொகையைப் பொறுப்பாளரிடம் ஒப்புவித்து, நாய் உயிரோடிருந்து நன்கு பேணப்படும் வரை, பேணுபவருக்கு மாதந்தோறும் இவ்வளவு எனக் குறிப்பிடலாம். பேணுபவர் மனிதராதலின், பணம் வராவிடில் நீதிமன்றத்தை அணுக அவரால் முடியும். நாய் இறந்தபின் எஞ்சிய தொகை யாருக்குரியது என்பதையும் எழுதுக. அதனைப் பேணுபவருக்கே உரியதாக்கின், அதன் மரணத்தை விரும்பும் சோதனை எழலாம். 2024 அக்டோபரில் மறைந்த ரத்தன் டாட்டா, டிட்டோ என்னும் தம் நாயைத் தம் இல்லப் பணியாளர் ஒருவரின் பொறுப்பில் விட்டு, அதன் பராமரிப்பிற்கு உயிலில் பணம் ஒதுக்கியதாகச் செய்தித்தாள்கள் தெரிவித்தன.

உயில் நடைமுறைக்கு வர நாட்கள் செல்லும். நாயோ அன்று மாலையே உண்ண வேண்டும். ஆதலால் முதல் சில வாரங்களுக்கு வேண்டிய பணத்தையும் ஒரு குறிப்பையும் நம்பத்தக்க அயலாரிடம் முன்னரே கொடுத்து வைத்தல் நன்று.

ஆயர்கள் அறிய வேண்டுவன

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, நெருங்கிய உறவினருள்ள கிறிஸ்தவர் அறச் செயலுக்கு உயில் எழுதினால், மரணத்திற்கு 12 மாதங்களுக்குக் குறையாமல் முன்பே எழுதியிருக்க வேண்டும் எனக் கட்டுப்படுத்தியது. கேரளக் குருவானவர் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. எனவே இறுதி நோயின்போது விலங்குக் காப்பகத்திற்கு எழுதப்படும் உயிலும் இக்காரணத்தால் தள்ளப்படாது. ஆனால் 67ஆம் பிரிவு இன்றும் உள்ளது: கிறிஸ்தவர் ஒருவரின் உயிலில் சாட்சிக் கையொப்பமிட்டவருக்கோ அவர்தம் மனைவிக்கோ கணவருக்கோ அவ்வுயில் அளிக்கும் கொடை செல்லாது. நாயைப் பேண இசைந்தவரைச் சாட்சியாக அழைத்தல் ஆகாது.

கண்காணிக்கும் பொறுப்பை ஆயரே ஏற்க நேரிடலாம். அவர் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெறுபவராதலால், அவருடைய பெயரை மட்டும் எழுதாமல் அவருக்குப்பின் அப்பணியை ஏற்பவர் யார் என்பதையும் உயிலில் குறிப்பிடச் சொல்லுதல் நலம்.

வாயில்லாப் பிராணி என்று நம் மக்கள் கூறும் சொல்லில் சட்டத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. விலங்கு இழிந்தது என்பதால் அன்று, முறையிட இயலாதது என்பதாலேயே அதற்கான ஏற்பாடு எளிதில் தவறிவிடுகிறது. பணத்தை ஒதுக்குதல் எளிது. கணக்குக் கேட்க ஒருவரை நிறுத்துதலே அரிது. எசமான் இல்லாத வேளையிலும் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரனைப் பற்றிப் போதிக்கும் நாம், உயில் எழுதுவோரிடம் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே: "ஒருநாள் உணவு வைக்கப்படாவிடில், அதை அறிந்து கேட்கப் போகிறவர் யார்?" அப்பெயர் எழுதப்படும் வரை உயில் முற்றுப்பெற்றதாகாது.