கிடங்கிலுக்குப் போகும் வழி

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் மரக்காணத்துக்கும் வழிகள் பிரியும் இடத்தில் அமைந்த திண்டிவனம், முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் கடந்துசெல்லும் ஊராகவே நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. இன்று நகரின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கில், சங்ககாலத்தில் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுக்கு உரிய ஊர். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டில் ஒன்றாக, 269 அடிகளில் அமைந்தது. மன்னனின் கொடையைப் புகழ எழுந்த நூலே எனினும், அன்றாடப் பரிவு அறிமுகமற்ற இருவரை எவ்வாறு இணைக்கிறது என்பதை அறிய விரும்புவோர் மன்னனைவிட அவனிடம் செல்லும் வழியைத்தான் கவனிக்க வேண்டும்.

வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனை நிறுத்தி, தான் பெற்றதைச் சொல்லி, அதே வாயிலுக்கு அவனையும் வழிப்படுத்துவதாகப் பாடப்படும் நூல்வகையே ஆற்றுப்படை. சிறிய யாழை இசைக்கும் சிறுபாணர் இருவரின் சந்திப்பாக இந்நூல் அமைந்துள்ளது. யானையும் தேரும் பெற்று வருபவன் அவற்றைக் காட்டிப் பெருமை பேசிவிட்டுப் போயிருக்கலாம். அவனோ முதலில் தன் பழைய வறுமையை விரிக்கிறான். கூரை இற்று விழுந்த அடுக்களையில், கண் திறவாத குட்டிகள் முலையைப் பற்றி இழுக்க, அதைப் பொறுக்க மாட்டாமல் ஈன்ற நாய் குரைக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்த மனைவி, உப்பின்றி அதை வேகவைத்து, அறியாதவர் கண்ணில் பட்டுவிடுமே என்று நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாருடன் பகிர்ந்து உண்கிறாள். இவ்வாறு கதவடைத்துக் காத்த இரகசியத்தை, அவள் கணவன் நடுவழியில் கண்ட ஒருவனிடம் அவிழ்க்கிறான்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், அந்நியன் என்னும் சமூக நிலையைப் பற்றி 1908இல் எழுதியபோது, நெருங்கியவர்களிடமும் மறைப்பதை மக்கள் சில வேளைகளில் வெளியாளிடம் ஒப்புவிக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். பாணனின் பேச்சு அந்த வகையைச் சேர்ந்ததே. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் விளக்கிய ‘தளர்ந்த பிணைப்பு’ என்னும் கருத்தும் இங்கே பொருந்துகிறது: நெருங்கிய சுற்றத்தார் அனைவரும் ஒரே செய்தியையே அறிந்திருப்பதால், புதிய வாய்ப்பு பற்றிய தகவல் பெரும்பாலும் அரைகுறையாகப் பழகியவர் வழியாகவே வந்து சேர்கிறது. பசித்த பாணனின் உறவினரும் பசித்தவர்களே. கிடங்கிலுக்கு வழி அவர்களில் எவருக்குத் தெரிந்திருக்கும்?

அவ்வழியில் அவனுக்குக் கிடைக்கும் என்று சொல்லப்படும் உணவு இன்னும் நுட்பமாகக் கவனிக்கத்தக்கது. மரக்காணம் என ஆய்வாளர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவார்கள். வேலூரில் எயினப் பெண்கள், அதாவது வேட்டுவக் குடிப் பெண்கள், புளிச்சோற்றுடன் ஆமான் இறைச்சியைச் சுட்டுத் தருவார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் குத்தியெடுத்த அரிசியின் வெண்சோறு நண்டுடன் கிடைக்கும். விருந்தினருக்கென்று எவரும் தனியாக எதையும் தேடிச் செல்வதில்லை. தத்தம் நிலத்தில் விளைந்ததும் தாங்கள் உண்பதுமே இலைக்கு வருகின்றன. இத்தகைய எளிய ஈகையின் மதிப்பைக் கொடுப்பவரே குறைத்து எடைபோடுகிறார் என்பதை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் உளவியலாளர்கள் சிக்காகோ நகரப் பனிச்சறுக்குத் திடலில் சோதித்துப் பார்த்தனர். முன்பின் தெரியாதவருக்குச் சூடான சாக்லேட் பானம் வழங்கியவர்கள் பானத்தின் அளவை மட்டுமே எண்ணினர். பெற்றவர்களோ அதனுடன் வந்த அன்பையும் சேர்த்துக்கொண்டதால், எதிர்பார்க்கப்பட்டதைவிடக் கூடுதலாக மகிழ்ந்தனர்.

கொடுப்பதற்குப் பொருளே இல்லாத நிலையிலும் உறவு பிறக்கலாம் என்பதற்கு, 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவிலூரைச் சார்ந்த வைணவ மரபுக்கதை சான்றாகிறது. மழையிரவில் ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது வெளிவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நடையில், பொய்கையாழ்வார் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்தபோது இருவரும் உட்கார்ந்தனர். பேயாழ்வாரும் வந்துசேர, மூவரும் நின்றனர். இருளில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, திருமாலே வந்துள்ளார் என்று அறிந்து, மூவரும் தலைக்கு நூறு வெண்பாக்களாக அந்தாதி பாடினர் என்பது மரபு. ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வரும் தொடுப்பே அந்தாதி. இறையியல் விளக்கம் ஒருபுறம் இருக்க, முதலில் படுத்திருந்தவர் எழுந்து உட்காராமல் இருந்திருந்தால் இச்சந்திப்பே நிகழ்ந்திருக்காது.

பிற்காலத்தில் தெருவோரத் திண்ணை, கோடைத் தண்ணீர்ப் பந்தல், தலைச்சுமையை இறக்கிவைக்க நிறுத்திய சுமைதாங்கிக் கல் ஆகியவை இப்பரிவைத் தனிமனிதரின் மனநிலைக்கு விட்டுவிடாமல் கட்டடமாக்கின. ஆயினும் திண்ணையில் யார் அமரலாம், எவருக்கு எந்தக் குவளையில் நீர் என்பதைச் சாதியே முடிவுசெய்த காலமும் அதுவேயாதலால், அதை முழுமையான பொற்காலமாக வருணிப்பது நேர்மையாகாது.

அந்த வகையில், டிக்கெட் வாங்கிய எவரும் எவர் அருகிலும் அமரும் பேருந்து பழைய திண்ணையைவிட ஒரு படி மேலானது. பௌர்ணமி நாளில் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் செல்வோர் நெருக்கியடித்து ஏறும்போது, அமர்ந்திருப்பவர் நிற்பவரிடம் “பையக் குடுங்க, மடியில வெச்சிக்கிறேன்” என்று கை நீட்டுவதைக் காணலாம். பைக்குப் பின்னால் குழந்தையும் மடிக்கு வரும், “எந்த ஊரும்மா?” என்ற கேள்வி எழும்; செஞ்சி தாண்டுவதற்குள் பிள்ளையின் படிப்பும் மாமியாரின் முழங்கால் வலியும், அதற்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்பதும் பேசப்பட்டிருக்கும். ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையிலேயே விரையும், இருக்கைகள் முன்கூட்டியே பதிவாகிவிட்ட குளிர்சாதனப் பேருந்தில் நிற்பவரும் இல்லை, மடிக்கு வரும் பையும் இல்லை. அங்கே பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பதற்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் செல்போன் சார்ஜர் மட்டுமே.