நிலம் அதிர்ந்தால் வாசலுக்கு ஓடாதீர்கள்

2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. காலை 10:23 மணிக்கு நியூ ஜெர்சியின் ஹண்டர்டன் கவுன்ட்டியில், வைட்ஹவுஸ் ஸ்டேஷன் அருகே 4.8 அளவில் நிலம் நடுங்கியது. அங்கிருந்து நாம் வாழும் வெஸ்ட் வின்ட்சர் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அந்த நேரத்தில் நம் வீடுகளில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பது ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, கைக்குழந்தை, மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருக்கும் ஒருவர். சமையலறையில் குக்கர், பூஜை அலமாரியில் வெள்ளிக்கிழமை விளக்கு.

அன்று யாரும் சாகவில்லை. நூவர்க்கில் சில குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டன. ரீடிங்டனில் கல்லால் கட்டிய பழைய ஆலை ஒன்றின் முகப்பு சரிந்தது. மாலை ஆறு மணியளவில் மீண்டும் ஓர் அதிர்வு வந்தது. சேதம் குறைவு என்பதில் நிம்மதி உண்டு. ஆனால் அதிர்ந்த அந்தச் சில நொடிகளில் பலர் வாசலை நோக்கி ஓடினார்கள். அது எனக்குக் கவலை தருகிறது.

இங்கேயும் வருமா?

வரும். அடிக்கடி வராது, அவ்வளவுதான். இந்த மாநிலத்தின் வடபகுதியில் ராமப்போ பிளவு உட்படப் பல பழைய நிலப்பிளவுகள் இருக்கின்றன. 2024-இல் வந்ததைவிடப் பெரியதாக 1783-இல் ஒன்று வந்திருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பாறை மிகப் பழையது, இறுகிக் குளிர்ந்தது. அதனால் அதிர்வு வலுவிழக்காமல் நெடுந்தொலைவு பரவும். 4.8 அளவுதான் என்றாலும் மெய்ன் முதல் விர்ஜீனியா வரை உணர்ந்தார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் நம் உறவினர்களின் நிலை வேறு. ஃப்ரீமாண்ட் நகரத்தின் ஊடாகவே ஹேவர்டு பிளவு ஓடுகிறது. அந்தப் பிளவில் கடைசிப் பெரிய நடுக்கம் 1868-இல் வந்தது. 1989 அக்டோபர் 17 அன்று வந்த லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் 63 பேர் இறந்தார்கள். ஆனால் கலிபோர்னியாவில் சில நொடிகளுக்கு முன்பே போனுக்கு எச்சரிக்கை வரும் அரசு ஏற்பாடு உண்டு. நியூ ஜெர்சியில் அந்த அரசு ஏற்பாடு இல்லை. இங்கே முதல் எச்சரிக்கை, பெரும்பாலும் நம் காலடியில் தரை ஆடுவதுதான்.

ஏன் ஓடக் கூடாது?

ஊரில் நமக்குள் பதிந்த பழக்கம் வெளியே ஓடுவது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜில் கட்டடங்கள் இடிந்து ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை நாம். சென்னையில் 2001 செப்டம்பரிலும் 2012 ஏப்ரலிலும் அதிர்வை உணர்ந்தபோது மக்கள் வீதிக்குத்தான் வந்தார்கள். கல்லும் மண்ணும் கனத்த கூரையுமான வீட்டைப் பற்றிய பயம் அது.

வெஸ்ட் வின்ட்சர் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழும்பியவை. மரம் வளைந்து கொடுக்கும், எளிதில் இடிந்து விழாது. உதிர்வது பெரும்பாலும் வெளியே: செங்கல் சிம்னி, சுவரில் ஒட்டிய செங்கல் பூச்சு, ஜன்னல் கண்ணாடி. வாசலுக்கு ஓடுகிறவர் அவை விழும் இடத்துக்கே போய் நிற்கிறார். மாடிப்படியில் ஓடினால் விழுந்து எலும்பு முறியும். வெறுங்காலோடு ஓடினால் உடைந்த கண்ணாடி பாதத்தைக் கிழிக்கும். சர்க்கரை நோயாளியின் காலில் அந்தக் காயம் என்ன பாடு படுத்தும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கதவு நிலைப்படியில் நிற்பதும் பழைய அறிவுரை. இன்றைய வீடுகளில் நிலைப்படிக்குத் தனி வலு எதுவும் கிடையாது.

செய்ய வேண்டியது இது: இருக்கும் இடத்திலேயே மண்டியிட்டுக் கைகளை ஊன்றித் தரையில் இறங்குங்கள். உறுதியான மேசைக்குக் கீழே நுழைந்து, ஒரு கையால் தலையையும் கழுத்தையும் மறைத்து, மறு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் நீங்களும் கூடவே நகர வேண்டும். மேசை இல்லையா? ஜன்னலும் அலமாரியும் இல்லாத உட்சுவர் ஓரமாகக் குனிந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். குப்புறத் திரும்பித் தலையணையால் தலையை மூடினால் போதும்.

முழங்கால் மடங்காத அப்பா அம்மாவுக்கு

மூட்டு வலியோடு இருப்பவரைத் தரையில் இறங்கச் சொல்வதில் பயனில்லை. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளலாம். சக்கர நாற்காலி என்றால் முதலில் பிரேக்கைப் போட வேண்டும். வாக்கர் வைத்திருப்பவரும் அதன் பிரேக்கைப் போட்டு அருகில் உட்கார்ந்துவிடட்டும்.

அவர்கள் பகலில் உட்காரும் நாற்காலியை இன்றே பாருங்கள். தலைக்கு மேலே கனத்த சாமி படமோ கண்ணாடி ஷோகேஸோ இருக்கிறதா? ஒன்று அதை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் நாற்காலியை. கட்டிலருகே ஒரு டார்ச்சும், கட்டில் காலில் கட்டிய பையில் செருப்பும் இருக்கட்டும். வீட்டு முகவரியையும் உங்கள் எண்ணையும் 911-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறுபவருக்கு முகவரியைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவையுங்கள். பதற்றத்திலும் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது தனிப் பையில் இருக்க வேண்டும், மருந்துச்சீட்டின் நகலோடு. இன்சுலின் எடுப்பவருக்கு, மின்சாரம் போனால் குளிர்ச்சி காக்கும் சிறு பை தேவை.

அடுப்பு, விளக்கு, அலமாரி

சமைக்கும்போது தரை ஆடினால், கை எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் அடுப்பை அணையுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பிடிக்கப் போகாமல் உடனே விலகுங்கள். கொதிக்கும் எண்ணெய் தரும் தீக்காயம் நிலநடுக்கத்தைவிட மோசமானது. பூஜை விளக்கை ஏற்றிவிட்டு வேறு அறைக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிடலாம். சரிந்த விளக்கும் திரைச்சீலையும் சேர்ந்தால் வீடே எரியும்.

குழந்தை அறையின் டிரஸ்ஸர், புத்தக அலமாரி, பெரிய டிவி ஆகியவற்றைச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தோடு வார் போட்டு இறுக்குங்கள். நிலநடுக்கமே வராவிட்டாலும் டிரஸ்ஸரில் ஏறும் குழந்தையை அது காப்பாற்றும். பேஸ்மென்ட்டில் இருக்கும் வாட்டர் ஹீட்டரையும் அப்படியே கட்டுங்கள். அது சாய்ந்தால் எரிவாயுக் குழாய் முறியும். வெட் கிரைண்டர் உயரத் தட்டில் இருந்தால் கீழே இறக்குங்கள். தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் வீதம் மூன்று நாளுக்கு. பனிப்புயலுக்குச் சேர்த்துவைக்கும் பொருள்களே மற்றத் தேவைகளுக்குப் போதும்.

அதிர்வு நின்ற பிறகு

முதலில் செருப்பு, பிறகுதான் நடை. எரிவாயு வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் அனைவரும் வெளியேறி, தள்ளி நின்று 911-ஐ அழைக்க வேண்டும். வாசனையே இல்லாதபோது கேஸ் வால்வை மூட வேண்டாம். மூடிவிட்டால் மீண்டும் திறக்க எரிவாயு நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. சிம்னியிலோ ஹீட்டரின் புகைக்குழாயிலோ விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் வந்தால் உடனே வெளியே போங்கள். அதைக் கண்டறியும் கருவி ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும், பேட்டரியோடு.

நில அதிர்வை உணர்ந்ததைச் சொல்ல மட்டும் 911-ஐ அழைக்காதீர்கள். உயிருக்குப் போராடும் ஒருவரின் அழைப்பு காத்திருக்கும். வீட்டாருக்கு வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ எழுதுங்கள். பள்ளிக்குக் காரை எடுத்துக்கொண்டு விரையாமல், பள்ளி அனுப்பும் செய்திக்குக் காத்திருங்கள்.

தரை இன்னும் ஆடுவதுபோன்ற உணர்வு சிலருக்கு ஓரிரு நாள் இருக்கும், தூக்கமும் கெடும். அது தானாகவே அடங்கும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ என்றால் பயத்தால்தான் என்று விட்டுவிடாமல் 911-ஐ அழையுங்கள்.

ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாம் வியாழக்கிழமை 'ஷேக்அவுட்' ஒத்திகை நடக்கிறது. மேசைக்குக் கீழே நுழையப் பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளிலேயே சொல்லித்தருகிறார்கள். அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே பேரனைத் தாத்தா பாட்டிக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்களும் அவரவர் நாற்காலியில் ஒரு முறை குனிந்து பார்க்கட்டும்.