வீட்டுக்குள் கடல் – 9: பாலசமுத்திரத்தில் சாமந்தி பூக்குமா?

பாலசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீமோ என்று கடைகளில் சொல்லும் கோமாளி மீன் ஜோடி ஒன்று வாங்கப் போனாராம். "கூடவே ஒரு அனிமோனும் எடுத்துக்குங்க சார், இல்லேன்னா மீன் தங்காது" என்றாராம் கடைக்காரர். அனிமோன் என்கிற கடல் சாமந்தி எங்கள் ஊரில் வளருமா என்பது கேள்வி. மீன் தங்காது என்பது வியாபாரப் பேச்சு. கோமாளி மீனுக்குக் கடலில்தான் சாமந்தியின் காவல் வேண்டும். விரட்டித் தின்ன எதுவும் இல்லாத தொட்டியில், சாமந்தி இல்லாமலேயே அது பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும், முட்டையும் இடும். ஆனால் சாமந்தி வளருமா என்ற கேள்வியை ஒரு வரியில் முடிக்க முடியாது.

பழனி மலையடிவாரத்தில் பாலாறு-பொருந்தலாறு அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் அது. கிழக்கே தொண்டிக்கு நேர்கோடு போட்டாலும் மேற்கே பொன்னானிக்குப் போட்டாலும் கடல் 150 கிலோமீட்டருக்கு அப்பால்தான். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தபோது கடல் வாசலிலேயே இருந்தது. (தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே வருடம்தான். அதற்கு முன்பே மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.) நமக்கு அந்த வசதி இல்லை. கடலை வீட்டிலேயே கரைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, தூத்துக்குடிக் கல் உப்பும் கடல் உப்புதானே, அதைப் போட்டால் என்ன என்று. போடக்கூடாது. உப்பளத்தில் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். கடல் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடும்போது முதலில் ஜிப்சம் படிந்துவிடுகிறது. கால்சியத்தின் பெரும்பகுதி அதோடு போயிற்று. பிறகுதான் உப்பு பூக்கிறது. உப்பு வாரிய பின் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்து வெளியே விடுகிறார்கள். மெக்னீசியம் எல்லாம் அதில்தான் போகிறது. நம் குழம்புக்கு அதுதான் நல்லது, கசக்காது. சாமந்திக்கோ வடித்துவிட்டதும் வேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், மெக்னீசியம் 1300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதனால்தான் அக்வாரியத்துக்கென்றே தயாரிக்கும் சால்ட் மிக்ஸ் வாங்கச் சொல்கிறோம். விலை கூடத்தான்.

கணக்கு சுலபம். லிட்டருக்கு 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டுமே வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து, உள்ளே ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முதலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கும். மறுநாள் காலையில் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு ஒப்படர்த்தி 1.025-இல் நிற்க வேண்டும். மிதவை மீட்டரை நம்பாதீர்கள். காற்றுக்குமிழ் ஒட்டினால் பொய் சொல்லும்.

தொட்டி நீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. மட்டம் குறைந்ததைப் பார்த்து உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் கரிப்பு எங்கோ போய்விடும். குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்புநீர்.

அடுத்தது வெயில். சாமந்திக்கு 25-லிருந்து 27 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. சித்திரையில் மலையடிவாரத்து வீடுகளில் தொட்டி நீர் அதைத் தாராளமாகத் தாண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க எல்லோராலும் ஆகாது. ஆனால் பாலசமுத்திரத்துக்காரருக்குச் சென்னைக்காரரிடம் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு: காற்றில் ஈரம் குறைவு. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பிவிட்டால் ஆவியாகிற வேகத்திலேயே நீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் இந்த வித்தை இவ்வளவு வேலை செய்யாது. கடலை விட்டுத் தள்ளியிருப்பதால் கிடைக்கிற ஒரே லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

இனி சாமந்திக்கு வருவோம். பூப்போல இருந்தாலும் அது விலங்கு. பவளத்துக்கும் சொறி மீனுக்கும் சொந்தம். கொடுக்குகள் என்று சொல்லும் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத அம்புகள் சுருண்டு கிடக்கின்றன. ஐஸ் கரைந்த இறால் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து மெதுவாகத் தொடவையுங்கள். பட்ட மாத்திரத்தில் நான்கைந்து கொடுக்குகள் அதில் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியை இழுத்தால் அவையும் கூடவே நீளும். பிறகு வட்டத்தட்டு அந்தப் பக்கமாக மடியும், நடுவில் வாய் திறக்கும், இறால் உள்ளே போகும். ஒன்றிரண்டு நாள் கழித்துச் சக்கையும் அதே வாய் வழியாகத்தான் வெளியே வரும். வேறு வழி அதற்கு இல்லை. வாரம் ஒருமுறை சுண்டுவிரல் நகமளவு துண்டு போதும். பாசத்தில் பெரிய இறாலாகக் கொடுத்தால் அரைகுறையாகச் செரித்ததைக் கக்கித் தண்ணீரைக் கெடுக்கும்.

வெப்பக் கடல் சாமந்திக்கு அது முழுச் சாப்பாடும் அல்ல. அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை சமைப்பதில்தான் பெரும்பங்கு வயிறு நிறைகிறது. மங்கலான விளக்கிலோ சூடான நீரிலோ இந்தப் பாசி வெளியேறிவிடும், சாமந்தி வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது இதே காரணத்தால்தான். இப்படி வெளுத்ததை, பால் வெள்ளை என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிற கடைகள் உண்டு. அது பட்டினி கிடக்கிற பிராணி. பளீர் மஞ்சளில் இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். இரண்டையும் தொடாதீர்கள். பழுப்போ பச்சையோ படிந்த உடம்பு, மூடிய வாய், கிழியாத பாதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கி வைத்த இடத்திலேயே இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பிடிக்காவிட்டால் பாதத்தால் நகர்ந்து நடக்கும். நடந்து, தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் விசிறியில் சிக்கிக் கூழாவதுதான் வீட்டுத் தொட்டிகளில் அடிக்கடி கேள்விப்படுகிற சாவு. செத்தது கரைய ஆரம்பித்தால் அம்மோனியா ஏறி ஒரே இரவில் மற்ற மீன்களும் போய்விடும். வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்ச் உறையோ வலையோ மாட்டுங்கள். புதுத் தொட்டியில் விடவே விடாதீர்கள். கல்லில் பாக்டீரியா பிடித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்று, பிறகும் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் போகட்டும். அந்தக் கல்லும் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லாக இருக்கக்கூடாது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வைத்திருந்தாலே வழக்கு.

இவ்வளவு எச்சரிக்கையும் ஏன் என்றால், இது சீக்கிரம் சாகப் பிறந்த உயிர் அல்ல. ஸ்காட்லாந்தில் ஜான் டாலியல் 1828-இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு சிவப்புச் சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் போட்டார். 1851-இல் அவர் இறந்துவிட்டார், சாமந்தி இருந்தது. கைமாறிக் கைமாறி, 'பாட்டி' என்று பெயரும் வாங்கி, நூற்றுக்கணக்கில் குட்டி போட்டு, 1887-இல்தான் செத்தது. அது குளிர்க் கடல் இனம், பாசியை நம்பிப் பிழைப்பதல்ல. கடல் நீரும் சிப்பிச் சதையும் அதற்குப் போதுமாக இருந்தன. கடையில் வாங்கும் கம்பளச் சாமந்தியை அப்படிச் சாடியில் வைக்க முடியாது. ஆனால் ஆயுள் விஷயத்தில் அதுவும் நெடுங்காலம் இருக்கக்கூடியதே. அப்படிப்பட்டதை வாங்கி ஆறு மாதத்தில் கொன்றுவிட்டு, "அனிமோன் அப்படித்தான் சார், தாங்காது" என்கிறோம்.

வாங்கிக் கொன்று மறுபடி வாங்குவதன் விலையைக் கடல்தான் கொடுக்கிறது. 1850-களில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகங்களைப் படித்து இங்கிலாந்தே வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குப் போயிற்று. பாறைக் குட்டைகள் வெறுமையானதை அவருடைய மகன் எட்மண்ட் பிற்பாடு மனம் நொந்து எழுதினார். நம் பக்கம் கோமாளி மீனுக்கு வழி பிறந்துவிட்டது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். சாமந்தி இன்னும் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்துவரப்படுகிறது. விதிவிலக்கு, கொடுக்கு நுனி குமிழாக இருக்கும் பபிள் டிப். அது தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகும். வளர்ப்பவர் ஒருவரிடம் பிளந்த பாதியைக் கேட்டு வாங்குவதுதான் கடலுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது; தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

ஆகவே பாலசமுத்திரத்து நண்பரே, உங்கள் ஊரில் சாமந்தி வளரும். ஆனால் இப்போது வாங்காதீர்கள். பண்ணையில் பொரித்த நீமோ ஜோடியை மட்டும் எடுத்துவந்து, ஒரு முழுக் கோடையைத் தொட்டி தாண்டட்டும். வெப்பமும் உப்பும் நீங்கள் வைத்த இடத்தில் நின்றால், அடுத்த வருடம் பபிள் டிப்பில் ஒரு துண்டுக்குச் சொல்லி வையுங்கள்.

(தொடரும்)