தாய்லாந்து ஆண்காதல் நாடகங்கள்: துறையும் நடிப்பும்

தாய்லாந்துத் தொலைக்காட்சியில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'லவ் சிக்' என்னும் தொடர்நாடகம் ஒரு வேண்டுகோளிலிருந்து கதையை நடத்துகின்றது. பூன் என்னும் மாணவனைத் தம் நண்பர் மகளோடு பழகுமாறு தந்தை வற்புறுத்துகின்றார். அதனின்று தப்ப விரும்பும் அவன் தன் தங்கையின் துணையை நாடுகின்றான். அவளோ ஆடவர் இருவர் தம்முட் காதல் கொள்ளும் கதைகளில் பெருவிருப்புடையவள். எனவே, நோ என்னும் மாணவனைத் தன் காதலனாக நடிக்குமாறு பூன் வேண்டுகின்றான். நடிப்பு நாளடைவில் மெய்யாகின்றது. இக்கதையமைப்பில் ஒன்று கருதத்தக்கது. இவ்வகை நாடகத்தின் சுவைஞர் அதன் புறத்தே இருந்து காண்பவர் மட்டும் அல்லர். தொடக்கத்திலேயே கதைக்குள் ஒரு பாத்திரமாக அமர்ந்து, கதைத்தலைவனைக் காதலன்போல் நடிக்கச் செய்தவர். அவர்தம் கருத்துகளை ஆராய்வது நாடகத்தையே ஆராய்வதாகும் என யாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்நாடகங்களைத் தாய் மக்கள் 'ஒய்' தொடர்கள் என வழங்குவர். ஆங்கில எழுத்தாகிய அது 'யாவோய்' என்னும் சப்பானியச் சொல்லின் முதலெழுத்து. ஆடவர் காதலைப் பாடும் கதைகளைச் சப்பானிய மகளிர் எழுதியும் படித்தும் வளர்த்தனர். அவை தாய்மொழியில் பெயர்க்கப்பட்டு, பின்னர்த் தாய்ப் பெண்கள் தாமே எழுதிய புதினங்களாக மலர்ந்து, அப்புதினங்களே நாடகங்களாயின. 'லவ் சிக்', 2016இல் வந்த 'சோட்டஸ்', 2020இல் உலகெங்கும் பரவிய 'டுகெதர்' ஆகிய மூன்றும் இவ்வழி வந்தவையே. 2007இல் வெளியான 'சயாமின் காதல்' என்னும் திரைப்படம் வேறு வகையினது. அதன் விளம்பரங்கள் இளைஞரும் இளம்பெண்களும் கொள்ளும் காதலையே காட்டின. இரு சிறுவர் காதலென்பது அரங்கினுள் அமர்ந்தபின்பே பலர்க்குத் தெரிந்தது. அக்காதலும் பிரிவில் முடிந்தது.

மீண்டும் மீண்டும் வரும் கதைநிகழ்ச்சிகளைக் குறிக்கச் சுவைஞர் ஆங்கிலச் சொல்லொன்றை ஆள்கின்றனர். அதற்குத் 'துறை' என்னும் நம் சொல்லை யாம் இங்கு மேற்கொள்கின்றோம். அகப்பாட்டின் துறைகளோடு இவற்றை ஒப்பிடுவது எம் நோக்கம் அன்று. முன்னரே அறிந்த நிகழ்ச்சியை அறிந்தவாறே எதிர்நோக்கி, அது எவ்வாறு நிகழ்த்தப்படுகின்றது என்பதில் இன்பம் காணும் சுவைமுறையைக் குறிக்க வேறு நல்ல சொல் கிடைத்திலது, அவ்வளவே.

துறைகளுட் சில வெறும் நகைப்புக்கு உரியன. பொறியியல் மாணவனாகவோ மருத்துவ மாணவனாகவோ இல்லாத தலைவனைக் காண்டல் அரிது. அவன் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டலைக் காண்டல் அதனினும் அரிது. தடுக்கி விழுபவன் ஒருவன், தாங்குபவன் ஒருவன். விழும் நொடி மட்டும் மும்முறை காட்டப்படும். விடுதி அறையில் கட்டில் ஒன்றே இருக்கும். முகப்பூச்சையோ தின்பண்டத்தையோ கதைக்கு நடுவே எடுத்து அதன் நலம் பேசும் விளம்பரக் காட்சியையும் ஒரு துறையாகவே சுவைஞர் எண்ணி மகிழ்கின்றனர்.

இவற்றுள் காய்ச்சல் துறை தனியே நோக்கத்தக்கது. மழையில் நனைந்தோ இரவெல்லாம் விழித்தோ ஒருவன் காய்ச்சல் உறுகின்றான். மற்றவன் ஈரத்துணியால் அவன் உடலைத் துடைக்கின்றான். மருந்தினும் ஈரத்துணியே அந்நாட்டு வீடுகளில் முதல் மருத்துவம் ஆதலின், இது நாடகக்காரர் புனைந்த விந்தை அன்று. தாய் செய்வதைக் காதலன் செய்கின்றான் என்பதே அதன் ஆற்றல். இத்துறையைப் பழைமைப்பட்டது என்று எள்ளும் சுவைஞரே, மற்றொரு நாடகத்தில் இதனையே கண்டு உருகுதலும் உண்டு. இது முரண்பாடு எனச் சிலர் கூறுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. துணியைப் பிழியும் கை தயங்குகின்றதா, நோயுற்றவனின் கண் மூடியிருந்தும் முகம் அறிகின்றதா என்பனவே அவர் நோக்குவன. துறை ஒன்றே, உயிர் இருப்பதும் இல்லாததும் நடிப்பால் வேறுபடும். துறை தேய்ந்துவிட்டது என்னும் குறையுள் பெரும்பகுதி, உண்மையில் நடிப்பு ஒழிந்தது என்னும் குறையே ஆகும்.

ஆயினும் இம்முடிபு எல்லாத் துறைக்கும் பொருந்துவதன்று. வலிந்து கொள்ளும் காதல் என்னும் துறை ஒன்றுண்டு. 2019இல் வந்த 'தார்ன்டைப்' நாடகத்தில் டைப் என்பான் இளமையில் ஆடவன் ஒருவனால் கொடுமைக்கு உள்ளானவன். அதனால் ஆண்காதலரை வெறுப்பவன். அவனுடன் ஓர் அறையில் தங்கும் தார்ன், அவன் இசைவின்றி அவனை நெருங்கும் காட்சிகள் தொடக்கத்தில் உள்ளன. முதன்மை நடிகர் இருவரும் ஒருவர்க்கொருவர் இசைந்து நடித்த திறம் பெரிதும் புகழப்பட்டது. புகழ்ந்தோருட் பலர் அக்காட்சிகளைக் கடிந்தனர். சிக்கல் ஈண்டுத்தான் உள்ளது. காய்ச்சல் துறையில் நல்ல நடிப்பு துறையைக் காக்கின்றது. வலிந்து கொள்ளும் துறையிலோ நல்ல நடிப்பு பிழையை மறைக்கின்றது. நடிப்பு எத்துணை இனியதோ அத்துணை எளிதில், மறுப்பவன் உள்ளத்தால் உடன்படுகின்றான் என்னும் எண்ணம் காண்போர் நெஞ்சில் பதியும். இளையோர் காணும் நாடகத்தில் இஃது சிறு குறை அன்று.

இத்துறை ஆண்காதல் நாடகத்திற் பிறந்ததும் அன்று. தாய்லாந்தின் பொதுத் தொலைக்காட்சி நாடகங்களில், தலைவன் தலைவியை அறைந்து பின் முத்தமிடும் வகைக்கு 'தொப்-ஜூப்' என்றே பெயருண்டு. 'தொப்' அறைதல், 'ஜூப்' முத்தம். ஆணும் பெண்ணும் தலைமக்களாகிய நாடகத்தில் நெடுங்காலம் வழங்கிய முறை, பெண்ணின் இடத்தில் ஆடவனை வைத்தவுடன் புதியவர் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆண்காதல் நாடகத்தை மட்டும் இதற்குப் பழிப்போர், அது எவரிடமிருந்து கடன்பெற்றது என்பதை மறந்து பேசுகின்றனர்.

பெண்ணின் இடத்தில் ஆடவனை வைத்தல் என்றோம். இதற்குச் சொல்லே சான்று. தாய்மொழியில் கதைத்தலைவன் 'ப்ர-ஏக்' எனவும் தலைவி 'நாங்-ஏக்' எனவும் பெயர்பெறுவர். 'ஏக்' என்பது ஒன்று எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. 'ஒய்' கதைகளில் தலைவியின் இடத்தில் நிற்கும் ஆடவனைக் குறிக்க 'நாய்-ஏக்' என ஒரு சொல்லை ஆக்கினர். (ஆடவனைச் சுட்டும் அம்முதற் சொல்லின் ஒலிகேட்டுத் தமிழர் நகைக்க வேண்டா.) பெயர் பிறந்தபின் இலக்கணமும் பிறந்தது: ஒருவன் உயரமானவன், குறைவாகப் பேசுபவன், மற்றவன் மெலிந்தவன், நாணுபவன். 'சோட்டஸ்' நாடகத்தில் முதலாண்டு மாணவன் கோங்போப், தன்னை அடக்க முனையும் மூன்றாமாண்டு மாணவத் தலைவன் ஆர்த்தித்தை நோக்கி, உன்னை மனைவியாக்கிக் கொண்டால் உன் பொறியியற் பற்சக்கரச் சின்னம் எனக்கு உரியதாகும் என்னும் கருத்துப்படப் பேசுகின்றான். மூத்தோன் இளையோனுக்கு அடங்கும் தலைகீழ் முறையால் அது அந்நாளில் புதுமையாயிற்று; 'மியா', அதாவது மனைவி, என்னும் சொல்லால் அதுவே பின்னாளில் குறையாயிற்று. இருவரும் ஆடவராயிருக்க ஒருவன் ஏன் மனைவியாதல் வேண்டும் என்ற வினாவை, ஆண்காதலராகிய சுவைஞரும் அவரல்லாத சுவைஞரும் ஒருங்கே எழுப்பினர். நான் ஆடவரை விரும்புபவன் அல்லன், உன்னை மட்டுமே விரும்புகின்றேன் என்னும் பேச்சும் இத்தகையதே. காதலுக்கு அது புகழ்ச்சி. அவ்வாறு உண்மையில் வாழ்வோர்க்கு அது மறுப்பு.

2021ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'பேட் பட்டி' இவ்வினாக்களை அறிந்து எழுதப்பட்டதாகவே தோன்றுகின்றது. பகைகொண்ட இரு வீட்டுப் பிள்ளைகளாகிய பாட், பிரான் இருவருள் எவன் 'ப்ர-ஏக்', எவன் 'நாய்-ஏக்' என அறுதியிட முடியாது. ஐந்தாம் பகுதியில் மாடித்தளத்தில் நிகழும் முத்தக்காட்சியைச் சுவைஞர் இன்றும் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் அதன் துணிவு அன்று. முத்தத்திற்குப் பின் பிரானாக நடித்த நானோன் கோரபாத்தின் முகத்தில் உவகையும் அச்சமும் ஒருங்கே தோன்றி, உவகை தோற்பதே காரணம். எண்வகை மெய்ப்பாட்டைத் தனித்தனி கற்றவர்க்கு, இரண்டு மெய்ப்பாடு ஒரு முகத்தில் போரிடுதலை விளக்க இக்காட்சியைக் காட்டலாம்.

நடிப்பின் குறைகளுள் முதலாவதாகச் சுட்டப்படுவது அசையாத முத்தம். செத்த மீன் எனச் சுவைஞர் அதனை எள்ளுவர். இதழ் சேர்ந்தும் தோளும் கையும் விலகி நிற்கும். உடல் உடன்படாததைக் கண் காட்டிவிடும். 'டுகெதர்' நாடகத்தில் இருவரும் காதலரான பின்னரே நெருக்கம் குறைந்தது என்ற முறையீடு பரவலாக எழுந்தது. இதற்கு மறுதலையாக, நெருக்கத்தை ஒட்டியே நடிப்பை அளத்தலும் பிழையாகும். 2019இல் வந்த 'தியரி ஆஃப் லவ்' நாடகத்தில், நண்பனை மறைவாகக் காதலிக்கும் தெர்ட் என்பானாகத் தோன்றிய கன் அத்தபன் பெற்ற புகழ் அழுகையால் வந்தது. கண்ணீர் வீழ்வதற்கு முன் அதனை மறைக்க முயலும் முகமே அவர் திறம். 2020இல் பூக்கெத் தீவைக் களனாகக் கொண்டு வந்த 'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' ஐந்து பகுதிகளே உடையது. நடிகனாக விழையும் தே என்னும் மாணவன் தன் விருப்பத்தைத் தன்னிடமே மறைக்கப் படும் பாட்டைப் பில்கின் புத்திபோங் நடித்துக் காட்டினார். கதைமாந்தன் திறமாக நடிக்க விரும்புவான். ஆனால் நடிக்க இயலாது தோற்பான். இவ்விரு நிலையையும் ஒருங்கே காட்டல் அரிது. இவ்வகை நாடகங்களுள் நடிப்பால் தலைசிறந்தது இதுவே என்பார் பலர். எம் கருத்தும் அதுவே.

அயல்நாட்டுச் சுவைஞர் நடிப்பை மொழிபெயர்ப்பு வரிகளின் வழியே அளக்கின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. தாய்மொழியில் 'நான்', 'நீ' என்பவற்றுக்கு ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள. நெருங்கிய தோழர் 'கூ', 'முங்' என்பர். பிறர்க்கு அவை வசைச்சொல். பணிவுடன் பேசும் ஆடவன் தன்னைப் 'பொம்' என்பான். மூத்தோரை 'ப்பீ' என்றும் இளையோரை 'நோங்' என்றும் உடன்பிறப்புமுறை சொல்லி அழைப்பர். தோழர் காதலராகும் கதையில் 'முங்' என்பதை விடுத்து மெல்லிய சொல்லொன்றை நடிகன் முதன்முறை நாவிற் கொணரும் நொடி, தாய்ச் சுவைஞர்க்கு முத்தத்தினும் பெரிது. ஆங்கில வரியிலோ அங்கு ஒன்றும் நிகழ்வதில்லை. 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் வேறுபாடும் முறைப்பெயரும் உடைய தமிழர் இதனை எளிதில் உணர்வர். ஒருவர் சிறப்பென்றும் மற்றொருவர் சுவையற்றதென்றும் ஒரே காட்சியை வழக்காடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இணைகள். கதையில் காதலராய் வந்த இருவரை வாழ்விலும் இணையாக எண்ணி மகிழ்தலைத் தாய் மக்கள் 'கூ-ஜின்' என்பர். 'கூ' இணை, 'ஜின்' கற்பனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். நடிகர் இணைந்தே மேடை ஏறுவர், இணைந்தே விளம்பரத்தில் தோன்றுவர், அடுத்த நாடகத்திலும் இணைந்தே நடிப்பர். இது முற்றிலும் புதியது அன்று. 1960களில் மித்ர் சைபஞ்சா, பெட்சரா சாவராத் இருவரும் எண்ணற்ற படங்களில் இணைந்து தோன்றி, 'கூ-க்வான்' எனப்படும் விருப்ப இணையாய் மக்கள் நெஞ்சில் நின்றனர். வேறுபாடு யாதெனில், இன்றைய இணையிடம் இடையறாத சான்று கேட்கப்படுகின்றது. ஒருவன் வேறொருத்தியோடு காணப்பட்டால் வஞ்சகம் என்பர். பிரிந்து நடித்தால் நன்றியின்மை என்பர். இருபது வயது இளைஞன் திரைக்கு வெளியேயும் நடிப்பை நிறுத்த இயலாத நிலை இது. நடிப்பில் மெய்ம்மை வேண்டும் எனக் கேட்கும் சுவைஞரே வாழ்வில் நடிப்பைக் கேட்கின்றனர். இதனைச் சுவைஞருள்ளேயே பலர் கண்டித்து வருகின்றனர் என்பதையும் கூறுதல் முறை.

2021ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'நாட் மீ' நாடகம், ஒருபால் திருமண உரிமை கோரும் கூட்டத்தையும் வானவிற் கொடியையும் கதைக்குள்ளே கொணர்ந்தது. அச்சட்டம் 2024ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மேலவையில் நிறைவேறி, 2025ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாடகத்தின் இறுதியில் இருவர் மோதிரம் மாற்றிக்கொள்ளும் துறை அந்நாள்வரை கனவாக நின்றது; இன்று அதற்குப் பதிவேடு உண்டு. அப்பதிவேட்டின் சொற்களை நோக்குமிடத்து, உரிமையியற் சட்டத்தின் திருமணப் பகுதியில் கணவன், மனைவி என்று நின்ற சொற்களை நீக்கி, 'கூ-சோம்ரோத்', அதாவது மணவிணையர், என்று அமைத்துள்ளனர். 'கூ-க்வான்', 'கூ-ஜின்' என்பவற்றில் உள்ள அதே 'கூ' இதிலும் உள்ளது, 'மியா' இல்லை.