கிடைத்தவர் பேச வேண்டாம்!
லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே செய்தி போவது எப்படி?

ஒருவர் ஒரு லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்புகிறார். அச்சடித்து அனுப்புவது பெரிய வேலை அல்ல. ஆனால், "கடிதம் கிடைத்தது" என்று ஒரு லட்சம் பேரும் பதில் போட்டால்? அவர் வீட்டு வாசலில் தபால் மூட்டை மலைபோல் குவிந்துவிடும்!

கம்ப்யூட்டர்களுக்கும் இதே தொல்லை வந்தது.

துண்டு துண்டாக...

கம்ப்யூட்டர் ஒரு செய்தியை முழுதாக அனுப்புவது இல்லை. சிறு சிறு துண்டுகளாக்கி, எண் போட்டு அனுப்புகிறது. வழியில் நெரிசல் ஏற்பட்டால் சில துண்டுகள் தொலைந்து போகும்.

பாட்டில் ஒரு துண்டு போனால் காதுக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராமில் ஒரு துண்டு குறைந்தால், முழுவதும் வீணாகலாம்.

இரண்டு கம்ப்யூட்டர்கள் மட்டும் என்றால் கவலை இல்லை. "வந்தது, வந்தது" என்று ஒன்று சொல்லும். பதில் வராத துண்டை மற்றது மறுபடி அனுப்பும். லட்சம் கம்ப்யூட்டர்கள் "வந்தது" என்று சொன்னால், அனுப்பிய கம்ப்யூட்டர் திணறிப் போகும்.

ஒரு பிரதி போதும்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டீவ் டீரிங் ஒரு வழி கண்டார். அனுப்புகிறவர் ஒரே ஒரு பிரதி அனுப்பினால் போதும். பாதை பிரியும் இடங்களில் உள்ள கருவிகளே பிரதி எடுத்துக்கொள்ளும். 1989-ல் இதற்கான விதிகள் வெளியாயின.

ஆனால், எல்லாத் துண்டுகளும் போய்ச் சேரும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை.

பந்தியில் நடப்பதுபோல்

1995-ல் ஸாலி பிளாய்டு என்ற பெண் விஞ்ஞானியும், வான் ஜேக்கப்ஸனும், அவர்களது நண்பர்களும் ஒரு புது முறையை வெளியிட்டார்கள்.

துண்டு கிடைத்தவர் பேசவே வேண்டாம். கிடைக்காதவர் மட்டும் கேட்கட்டும். அதுவும் உடனே அல்ல. சிறிது காத்திருந்து கேட்கவேண்டும். காத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

கல்யாணப் பந்தியில் ஒருவர் "சாம்பார்!" என்று குரல் கொடுக்கிறார். அதைக் கேட்டதும், சாம்பார் வேண்டிய மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். வாளி வந்ததும் அவர்கள் இலைக்கும் சாம்பார் விழுகிறது. அப்படித்தான் இதுவும்!

துண்டை வைத்திருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அதை எடுத்துக் கொடுக்கலாம். முதலில் அனுப்பியவரைத் தேடிப் போக வேண்டியது இல்லை.

வற்றாத ஊற்று

கேட்கவே வேண்டாத வழியும் உண்டு. 1998-ல் மைக்கேல் லூபியும் வேறு மூவரும் இதை வெளியிட்டார்கள்.

3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். கூடவே, அவற்றின் கூட்டுத்தொகையான 8-ஐயும் அனுப்புங்கள். 5 தொலைந்தால் என்ன? 8-ல் 3 போனால் 5 கிடைத்துவிடுமே!

இதுபோல் துண்டுகளைக் கலந்து கலந்து, ஊற்றைப்போல் விடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எந்தத் துண்டுகள் கிடைத்தாலும் சரி. போதிய அளவு சேர்ந்தால் முழுச் செய்தியும் கிடைத்துவிடும். ஊற்றில் குடம் பிடிப்பவர் எந்தத் துளி விழுந்தது என்றா பார்க்கிறார்? குடம் நிறைந்தால் போதும்!

இதிலிருந்து வளர்ந்த ஒரு முறை, செல்போன்களுக்கு ஒலிபரப்பும் சர்வதேச விதிகளிலும் இடம் பெற்றது.

இதில் தாமதமாக வந்தவருக்கும் நஷ்டம் இல்லை. வந்த நேரத்தில் குடத்தை வைத்தாலும், அது நிறைந்துவிடும்!